லீக் மாறினால் எண் மாறும்

நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கான எரெடிவிசியில் 2002–03 பருவத்தில் பிஎஸ்வி ஐந்தோவன் அணியின் மதேயா கெஷ்மான் 33 ஆட்டங்களில் 35 கோல் அடித்தார். 2006–07இல் ஹீரன்வீன் அணியில் ஆடிய பிரேசில்காரர் அஃபோன்சோ ஆல்வெஸ் 31 ஆட்டங்களில் 34 கோல் அடித்தார். 2009–10இல் அயாக்ஸின் லூயிஸ் சுவாரெஸ் 33 ஆட்டங்களில் 35. மூவரும் பின்னர் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்குக்குப் போனார்கள். செல்சியில் ஒரே பருவம் இருந்த கெஷ்மான் 25 லீக் ஆட்டங்களில் 4 கோலோடு கிளம்பிவிட்டார். மிடில்ஸ்பரோ தன் வரலாற்றிலேயே அதுவரை கொடுத்திராத விலைக்கு வாங்கிய ஆல்வெஸ், 42 லீக் ஆட்டங்களில் 10 கோல் அடித்தார். லிவர்பூலின் சுவாரெஸ் 2013–14 பருவத்தில் மட்டும் 33 ஆட்டங்களில் 31 கோல் அடித்தார். அவற்றில் ஒன்றுகூடப் பெனால்டி இல்லை.

எரெடிவிசி கோல் கணக்கை மட்டும் கையில் வைத்திருந்தவருக்கு இந்த மூவரையும் பிரித்துச் சொல்ல வழியே இருந்திருக்காது. பிரித்துப் பார்க்க என்னென்ன வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம். ஒரு லீக்கில் பதிவான எண்ணை இன்னொரு லீக்குக்குக் கொண்டுபோகும்போது அது பிறந்த சூழலையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். எத்தனை நிமிடத்தில் வந்தது, எந்த அணியில் வந்தது, யாரை எதிர்த்து வந்தது, எப்படிப்பட்ட வாய்ப்பில் வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், முதலில் பளிச்சென்று தெரிந்த எண் படிப்படியாகத் தன் உண்மையான அளவுக்கு இறங்கி வரும். சில நேரம் ஏறியும் வரும்.

வகுக்கும் எண்

பிரிட்டனின் விமானப் படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் ரீப், 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு தாக்குதலையும் காகிதத்தில் குறிக்கத் தொடங்கினார். பிறகு பல ஆண்டுகள் விடாமல் குறித்தார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸ்களிலோ அதற்கும் குறைவாகவோ வருகின்றன என்று கண்ட அவர், பந்தை நீளமாக அடித்து விரைவாக முன்னே அனுப்புவதே நல்லது என்று முடிவு கட்டினார். அவர் எண்ணியதில் தவறில்லை. ஆனால் ஓர் அணி பந்தைக் கைப்பற்றி இழப்பது வரையிலான தொடர்களில் பெரும்பாலானவை மூன்று பாஸ்களுக்குள்ளாகவே முடிந்துவிடுகின்றன. அவ்வளவு முயற்சிகளிலிருந்து அவ்வளவு கோல் வருவதில் வியப்பில்லை. எத்தனை முயற்சிக்கு எத்தனை கோல் என்று வகுத்துப் பார்த்த பிற்கால ஆய்வுகளில் நீண்ட பாஸ் தொடர்களே கூடுதல் பலன் தருவது தெரிந்தது. ஒரு வகுத்தலைத் தவறவிட்டதன் தடம் இங்கிலாந்தின் ஆட்டப் பாணியில் பல பத்தாண்டுகள் இருந்தது என்பதை நினைத்தால் இந்த வேலையில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று புரியும்.

வீரர்களுக்கு நாம் பயன்படுத்தும் வகுக்கும் எண் 90 நிமிடம். கணக்கு புரிவதற்காக இரண்டு கற்பனை வீரர்களை வைத்துக்கொள்வோம். முதலாமவர் 30 ஆட்டங்களில் 15 கோல், களத்தில் இருந்தது 2,700 நிமிடம். இரண்டாமவர் 30 ஆட்டங்களில் 12 கோல், களத்தில் இருந்தது 1,350 நிமிடம். 90 நிமிடத்துக்கு முதலாமவர் 0.50, இரண்டாமவர் 0.80. பட்டியலில் பின்னால் இருந்தவர் முன்னால் வந்துவிட்டார். இப்போது பெனால்டிகளைக் கழியுங்கள். இரண்டாமவரின் 12 கோல்களில் 4 பெனால்டி, முதலாமவருக்கு ஒன்றும் இல்லை என்றால், இரண்டாமவரின் எண் 0.53க்கு இறங்கி இருவரும் ஏறக்குறைய சமமாகிவிடுகிறார்கள். பெனால்டியை உதைப்பவர் யார் என்பது பயிற்சியாளர் எடுக்கும் முடிவு. புதிய கிளப்பில் அந்த வேலை ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கும். அதனால் லீக் தாண்டிய ஒப்பீட்டில் பெனால்டியைக் கழிக்காமல் ஒரு அடிகூட வைக்காதீர்கள்.

900 நிமிடத்துக்குக் குறைவாக ஆடியவரின் 90 நிமிட எண்ணை நம்ப வேண்டாம். அது பத்து முழு ஆட்டங்கள்தான். ஒரு ஹாட்ரிக் போதும், எண்ணே தலைகீழாகிவிடும். மாற்று ஆட்டக்காரராக வந்தவரின் எண்ணையும் தனியாக வையுங்கள். எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் களைத்த பிறகு, ஆட்டம் திறந்து கிடக்கும் நேரத்தில் இறங்குபவருக்கு 90 நிமிட எண் கூடுதலாகவே வரும். மறுபக்கமும் உண்டு. கெஷ்மான் செல்சியில் ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் மாற்று ஆட்டக்காரராகவே வந்தார். ‘25 ஆட்டம், 4 கோல்’ என்ற வரி அவர் திறனைவிட அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

முகமது சலாவுக்கும் இதே அநியாயம் நடந்தது. செல்சியில் 13 லீக் ஆட்டங்களில் 2 கோல் என்பதை வைத்து ‘இங்கிலாந்துக்கு ஒத்துவராதவர்’ என்று முத்திரை குத்தினார்கள். அந்த 13 ஆட்டங்களிலும் பல, பாதியில் வந்ததும் பாதியில் போனதும். இத்தாலியில் ஃபியோரெண்டினாவிலும் ரோமாவிலும் அவர் ஆயிரக்கணக்கான நிமிடங்கள் ஆடிக் காட்டியதை லிவர்பூலின் ஆய்வுப் பிரிவு எடைபோட்டது. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற இயன் கிரஹாம் அப்போது அதன் தலைவர். 2017இல் சலாவை வாங்கினார்கள். முதல் பருவத்திலேயே சலா 32 லீக் கோல் அடித்தார்.

கோலுக்கு முன்னால் நடப்பது

கோல் அரிதான நிகழ்வு. ஒரு பருவம் முழுக்க நல்ல ஸ்ட்ரைக்கருக்கு இருபது கிடைத்தால் அதிகம். அதனால் கோலுக்கு ஒரு படி முன்னால் போய், கோலை நோக்கிய முயற்சிகளை, அதாவது உதைகளை, எண்ணுகிறோம். ஒவ்வோர் உதைக்கும் எடை போடுகிறோம். எதிர்பார்ப்பு கோல், பேச்சுவழக்கில் எக்ஸ்ஜி, அந்த எடைதான். 2012இல் விளையாட்டுத் தரவு நிறுவனமான ஆப்டாவில் இருந்த சாம் கிரீன் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவலானது. உதைத்த இடம், கோணம், காலா தலையா, பந்து எப்படி வந்தது என்பவற்றை வைத்து, அதே போன்ற ஆயிரக்கணக்கான பழைய உதைகளில் எத்தனை கோலாயின என்று கணக்கிட்டு 0க்கும் 1க்கும் இடையில் ஒரு மதிப்பு தருகிறார்கள். பெனால்டிக்கு ஏறத்தாழ 0.78. பெனால்டி பகுதிக்கு வெகு வெளியிலிருந்து ஓங்கி அடிக்கும் உதையின் மதிப்பு பெரும்பாலும் 0.05ஐத் தொடாது.

லீக் தாண்டிப் பார்க்கும்போது இதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 90 நிமிடத்துக்கு எத்தனை உதை, ஓர் உதைக்கு சராசரி எக்ஸ்ஜி எவ்வளவு. முதலாவது, வீரர் எவ்வளவு அடிக்கடி உதைக்கும் நிலைக்கு வருகிறார் என்பது. இரண்டாவது, எங்கிருந்து உதைக்கிறார் என்பது. இரண்டும் வீரரின் பழக்கங்கள். பழக்கம் பெட்டியில் கூடவே வரும். எக்ஸ்ஜியைவிட மிக அதிகமாகக் கோல் அடித்த ஒரு பருவம் அப்படி வருவதில்லை. அடுத்த பருவத்தில் பெரும்பாலும் அது எக்ஸ்ஜியை ஒட்டி இறங்கிவிடும். உலகத்தரமான சிலர் மட்டுமே ஆண்டுக்கு ஆண்டு எக்ஸ்ஜியைத் தாண்டுகிறார்கள். நீங்கள் மதிப்பிடும் வீரர் அந்தச் சிலரில் ஒருவர் என்று சொல்ல ஒரு பருவம் போதாது.

ஆல்வெஸ் 2008 ஜனவரியில் இங்கிலாந்து வந்து, மிச்சமிருந்த பருவத்தில் 11 லீக் ஆட்டங்களில் 6 கோல் அடித்தார். அன்றைய தேதியில் அது வெற்றிகரமான கொள்முதல். ஆனால் அந்த ஆறில் மூன்று, மான்செஸ்டர் சிட்டியை மிடில்ஸ்பரோ 8–1 என்று வென்ற கடைசி ஆட்டத்தில் வந்தவை. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சிட்டியின் ரிச்சர்ட் டன் வெளியேற்றப்பட, மற்ற நேரமெல்லாம் பத்துப் பேரோடு ஆடிய அணி அது. அந்த ஓர் ஆட்டத்தை எடுத்துவிட்டால் 10 ஆட்டங்களில் 3. அடுத்த பருவத்தில் 31 ஆட்டங்களில் 4. மிடில்ஸ்பரோ கீழ்நிலை லீக்குக்கு இறங்கியது.

சுவாரெஸின் வழி இதற்கு நேர்மாறு. லிவர்பூலில் அவரது முதல் முழுப் பருவமான 2011–12இல் 31 ஆட்டங்களில் 11 கோல்தான். வாய்ப்பை வீணாக்குபவர் என்று அவரைத் திட்டாதவர் குறைவு. ஆனால் அவர் உதைகளின் எண்ணிக்கை குறையவில்லை. கம்பத்தில் பட்டுத் திரும்பின, கோல்கீப்பர் கையில் போயின. இருந்தாலும் பந்தைக் கடத்திக்கொண்டு, இரண்டு பேரைத் தாண்டி, தானே உருவாக்கிய வாய்ப்பில் உதைத்துக்கொண்டே இருந்தார். பிறர் பாஸுக்குக் காத்திராமல் வாய்ப்பை உருவாக்கும் திறன் எந்த லீக்கிலும் செல்லும். அடுத்த பருவத்தில் 23, அதற்கடுத்து 31. எனக்கு இந்தக் கணக்கில் மிகப் பிடித்த பாடம் இதுதான்: புதிதாக வந்தவரின் முதல் ஆண்டில் கோலை விட்டுவிட்டு உதைகளைப் பின்தொடருங்கள்.

அணியைக் கழித்துப் பார்த்தல்

சுவாரெஸ் 35 கோல் அடித்த அந்தப் பருவத்தில் அயாக்ஸ் மொத்தம் 106 லீக் கோல் அடித்தது, வாங்கியது 20. எரெடிவிசியில் பெரிய மூன்று, நான்கு கிளப்புகளுக்கும் மற்றவற்றுக்கும் இடையில் உள்ள தூரம் பிரீமியர் லீக்கில் இருப்பதைவிட அதிகம். அப்படிப்பட்ட அணியின் முன்கள வீரருக்கு வாய்ப்புகள் தானாகவே வந்து சேரும். இதைச் சரிக்கட்ட அணிக்குள் அவர் பங்கைப் பாருங்கள். 106இல் 35 என்றால் 33 சதவீதம். நடுத்தர அணியில் 50 கோலில் 15 அடித்தவரின் பங்கு 30 சதவீதம். கோல் எண்ணிக்கையில் இருவருக்கும் இருபது வித்தியாசம். பங்கில் மூன்றே சதவீதம். அணியின் எக்ஸ்ஜியில் வீரரின் பங்கு என்று எடுத்தால் இன்னும் திருத்தமாக இருக்கும். கூடவே எதிரணி வாரியாகவும் பிரியுங்கள். பட்டியலின் கடைசி ஆறு அணிகளுக்கு எதிராக மட்டும் வளர்ந்த எண்ணும், முதல் ஆறுக்கு எதிராகவும் நிற்கும் எண்ணும் ஒன்றல்ல.

தடுப்பாட்டத்தில் இந்தத் திருத்தம் இன்னும் அவசியம். பந்து எதிரணியிடம் இருந்தால்தான் டேக்கிள் செய்ய முடியும். 40 சதவீத நேரமே பந்தை வைத்திருக்கும் அணியின் நடுக்கள வீரர் 90 நிமிடத்துக்கு 4 டேக்கிள் செய்கிறார், 62 சதவீதம் வைத்திருக்கும் அணியில் ஒருவர் 3 செய்கிறார் என்று வையுங்கள். எதிரணியிடம் பந்து பாதி நேரம் இருந்தால் எவ்வளவு செய்திருப்பார்கள் என்று மாற்றினால், முதலாமவர் 4 × 50 ÷ 60 = 3.3; இரண்டாமவர் 3 × 50 ÷ 38 = 3.9. மிக எளிய திருத்தம்தான், ஆனாலும் வரிசை புரண்டுவிடுகிறது.

நகோலோ காண்டேயின் பயணத்தை இப்படி வாசிக்க வேண்டும். 2014–15இல் பிரான்சின் முதல்நிலை லீக்கில் 13ஆம் இடத்தில் முடிந்த கான் அணியில் பந்தை மீட்பதில் அவர் முன்னணியில் இருந்தார். லெஸ்டர் சிட்டி வாங்கியது. 2015–16இல் லெஸ்டர் பிரீமியர் லீக்கையே வென்றது. பந்தைப் பாதி நேரத்துக்கும் குறைவாக வைத்துக்கொண்டு, மீட்ட கணத்தில் வேகமாகத் தாக்கிய அணி அது. கானில் அவர் செய்த அதே வேலைக்குத்தான் லெஸ்டரிலும் ஆள் தேவைப்பட்டது. எண் இடம் மாறியும் தாக்குப்பிடித்ததற்கு இது பெரிய காரணம். அடுத்து, பந்தை அதிகம் வைத்திருக்கும் செல்சிக்குப் போய் அங்கும் பட்டம் வென்று, அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதையும் பெற்றபோதுதான் அவர் சூழலைத் தாண்டிய வீரர் என்பது உறுதியானது.

ஆடும் இடமும் அணியின் ஒரு பகுதியே. ஆலி வாட்கின்ஸ் 2017இல் நான்காம் நிலை லீக்கின் எக்ஸெட்டரிலிருந்து இரண்டாம் நிலையின் பிரென்ட்ஃபோர்டுக்கு வந்தார். முதல் இரண்டு பருவங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் ஆடி, ஒவ்வொன்றிலும் 10 லீக் கோல். 2019இல் நீல் மொப்பே விற்கப்பட்டதும் வாட்கின்ஸை நடுவில் ஸ்ட்ரைக்கராக நிறுத்தினார்கள். அந்தப் பருவத்தில் 25. விங்கரை விங்கரோடும் ஸ்ட்ரைக்கரை ஸ்ட்ரைக்கரோடும் ஒப்பிடாத பட்டியல் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

பாஸ் துல்லிய சதவீதத்தை நான் லீக் தாண்டிய மதிப்பீட்டில் சேர்ப்பதே இல்லை. அது பெரும்பாலும் பயிற்சியாளர் கொடுத்த உத்தரவின் எண். கோல்கீப்பருக்குத் தடுத்த சதவீதத்தைவிட, தன்மேல் வந்த உதைகளின் எக்ஸ்ஜியில் எவ்வளவு மிச்சப்படுத்தினார் என்று பாருங்கள். இரண்டு மூன்று பருவங்களைச் சேர்த்தே பாருங்கள்.

மாற்று விகிதம்

இனி நேரடிக் கேள்வி: எரெடிவிசியின் 0.5 பிரீமியர் லீக்கில் எவ்வளவு? பேஸ்பாலில் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் 1980களிலேயே கீழ்நிலை லீக் எண்களை மேல்நிலை எண்களாக மாற்றும் கணக்கைப் போட்டார். ஐஸ் ஹாக்கியிலும் அப்படி ஒன்று உண்டு. கால்பந்துக்கும் முறை அதுவே: லீக் மாறியவர்களையே அளவுகோலாக்குவது.

கடந்த பத்துப் பருவங்களில் எரெடிவிசியிலிருந்து பிரீமியர் லீக்குக்குப் போன முன்கள வீரர்களைப் பட்டியலிடுங்கள். போகும் முன் ஒரு பருவம், போன பின் ஒரு பருவம், இரண்டிலும் 90 நிமிடத்துக்கான பெனால்டி நீங்கிய எக்ஸ்ஜியை எழுதுங்கள். நிமிடங்களால் எடையிட்டு சராசரி எடுங்கள். முன்பு 0.50, பின்பு 0.32 என்று வந்தால் (இவை விளக்கத்துக்கான எண்கள்) விகிதம் 0.64. புதிதாக வரப்போகும் வீரரின் எண் 0.55 என்றால் 0.55 × 0.64 = 0.35. அவர் 2,500 நிமிடம் ஆடினால் ஏறத்தாழ 10 கோல்.

பட்டியல் போடும்போது மூன்று பொறிகள் காத்திருக்கின்றன. கிளப்புகள் வீரரை அவரது உச்சப் பருவத்துக்கு மறுநாள்தான் வாங்குகின்றன. உச்சத்துக்குப் பின் இறக்கம் அதே லீக்கில் இருந்தாலும் வந்திருக்கும். அதை லீக் வித்தியாசத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். முன்பு இரண்டு பருவங்களின் சராசரியை எடுப்பது இதை ஓரளவு தணிக்கும். அடுத்தது, தோற்றவர்கள் பெஞ்சுக்குப் போய் 900 நிமிடத்தைத் தொடாமலேயே பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்கள். எஞ்சியவர்களின் சராசரி உண்மையைவிட இனிப்பாக இருக்கும். விழுந்தவர்களின் பெயர்களைத் தனித்தாளில் வையுங்கள், எத்தனை பேர் என்பதே ஒரு தகவல். மூன்றாவது, அயாக்ஸிலிருந்து பிரீமியர் லீக்கின் கடைசி வரிசை அணிக்குப் போனவர் லீக்கை மட்டும் மாற்றவில்லை, பட்டம் வெல்லும் அணியிலிருந்து தப்பிப் பிழைக்கப் போராடும் அணிக்கும் மாறியிருக்கிறார். ஆட்ட முடிவுகளுக்கேற்பப் புள்ளிகளை ஏற்றி இறக்கும் எலோ முறையில் ஐரோப்பிய கிளப்புகள் அனைத்தையும் ஒரே ஏணியில் தரப்படுத்தும் பட்டியல்கள் பொதுவெளியில் கிடைக்கின்றன. பழைய அணியும் புதிய அணியும் தத்தம் லீக்கில் எவ்வளவு உயரத்தில் இருந்தன என்பதை அவற்றிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

லீக்குகள் நேருக்கு நேர் சந்திக்கும் ஒரே களம் ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகள். எர்லிங் ஹாலண்ட் 2019–20இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் அணிக்காக 14 லீக் ஆட்டங்களில் 16 கோல் அடித்தார். ஆஸ்திரிய லீக் என்பதால் பலர் தயங்கினார்கள். அதே மாதங்களில் சாம்பியன்ஸ் லீக்கில் லிவர்பூல், நாப்போலி, ஹெங்க் அணிகள் இருந்த பிரிவில் 6 ஆட்டங்களில் 8 கோல். ஆறு ஆட்டம் தனியாக எதையும் நிரூபிக்காது. ஆனால் உள்ளூர் எண்ணோடு அது முரண்படவில்லை என்பது பெரிய சாட்சி. ஜனவரியில் ஜெர்மனியின் டார்ட்மண்டுக்குப் போய் எஞ்சிய பருவத்தில் 15 பண்டஸ்லிகா ஆட்டங்களில் 13 கோல் அடித்தார்.

எண்ணை எழுதிக்கொடுக்கும் முறை

மேலே வந்த ‘10 கோல்’ என்பதை அப்படியே யாரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் மதிப்பீடு நூறு சதவீதம் சரியாகவே இருந்தாலும், பத்துக் கோல் திறன் உள்ள வீரர் ஒரு பருவத்தில் அதிர்ஷ்டத்தால் மட்டுமே மூன்று கூடவோ குறையவோ அடிப்பது சாதாரணம். விகிதத்தில் உள்ள பிழையும் சேர்ந்தால் ‘6 முதல் 14’ என்று எழுதுவதே நேர்மை. கிளப் தலைவருக்கு இது பிடிக்காது. ஆனால் 14க்கான விலையை 6க்குக் கொடுக்காமல் இருக்க அவருக்கு உதவப்போவது இந்த இடைவெளிதான்.

தரவை எந்த நிறுவனத்திடமிருந்து, எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். டேக்கிள், தனிமோதல், பெரிய வாய்ப்பு போன்றவற்றுக்கு ஆப்டாவின் வரையறை வேறு, இன்னொரு தரவு நிறுவனமான வைஸ்கவுட்டின் வரையறை வேறு. ஒரு வீரரை ஒன்றிலும் மற்றவரை இன்னொன்றிலும் எடுத்து ஒப்பிட்டால் கணக்கே வீண். கால்பந்துப் புள்ளிவிவரத் தளமான எஃப்பிரெஃப் 2022 அக்டோபரில் ஸ்டாட்ஸ்பாம் நிறுவனத்தின் தரவிலிருந்து ஆப்டா தரவுக்கு மாறியபோது முடிந்துபோன பருவங்களின் எக்ஸ்ஜியும் மாறியது.

பிறகு காணொளி. முழு ஆட்டங்கள் பார்க்க நேரமில்லாவிட்டாலும், வீரரின் கடைசி 30 உதைகளையாவது வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அவருக்கும் அருகிலுள்ள தடுப்பாட்டக்காரருக்கும் எத்தனை அடி இடைவெளி, பந்தைக் கட்டுப்படுத்த எத்தனை தொடுதல் தேவைப்பட்டது என்று குறியுங்கள். உங்களிடம் உள்ள எக்ஸ்ஜி கணக்கு பெரும்பாலும் இந்த இடைவெளியைப் பார்ப்பதில்லை. லீக் மேலே போகப் போக முதலில் சுருங்குவது அதுதான்.

மாற்று விகிதத்துக்கு ஆயுள் குறைவு. பிரீமியர் லீக்கில் 2018–19இல் 1,072 கோல், ஆட்டத்துக்கு 2.82, 2023–24இல் 1,246 கோல், ஆட்டத்துக்கு 3.28. ஐந்தாண்டில் வாங்கும் லீக்கே மாறிவிட்டது. 2023–24 பருவத்தில் நடுவர்கள் கூடுதல் நேரத்தை நீட்டிக் கொடுத்ததும் ஒரு காரணம். முழு ஆட்டம் ஆடியவருக்குப் பெரும்பாலான தரவுத்தளங்கள் 90 நிமிடம்தான் எழுதும். களத்தில் அவர் இருந்தது 100 நிமிடமாக இருக்கலாம். ஆகவே 2023க்கு முன்னும் பின்னும் உள்ள பருவங்களை ஒரே விகிதத்தில் கலக்க வேண்டாம். இரண்டு லீக்கிலும் கூடுதல் நேரம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பார்த்துத் திருத்துங்கள். வீரர் சந்தை திறக்கும் முன், ஒவ்வோர் ஆண்டும் ஜூனில், பட்டியலைப் புதிதாகப் போடுங்கள்.